நிற்கும்போது உதறும் கார்: த்ரொட்டில் சென்சரா, அதன் வயரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் ஓடும் பெற்றோல் கார்களில் அடிக்கடி வரும் ஒரு கோளாறைப் பற்றிய கேள்வி-பதில் இது. சென்சரை மாற்றியும் உதறல் நிற்காதவர்கள்தான் இதை முதலில் வாசிக்கவேண்டும். டீசல் வாகனங்களுக்கு இது பொருந்தாது.

சந்தியில காரை நிப்பாட்டினா உதறுது, ஆர்பிஎம் ஊசி ஏறி இறங்குது. ஓட்டத்தில ஒண்டும் தெரியேல்ல. இது த்ரொட்டில் சென்சர்தானா?

இருக்கலாம். ஆனால் எல்லா உதறலும் ஒரே உதறல் இல்லை. பொனற்றைத் திறக்க முன்னர், சூடான எஞ்சினை நியூட்றலில் விட்டு ஊசியை ஒரு நிமிடம் பாருங்கள்.

ஊசி அசையாமல் நிற்கிறது, கார் மட்டும் அதிர்கிறது, கியரைப் போட்டால் அதிர்வு கூடுகிறது என்றால் எஞ்சினைத் தாங்கிப் பிடிக்கும் மவுண்டைப் பாருங்கள். சீரான இடைவெளியில் ஒரு அடி தவறுவதுபோலக் கேட்டால், அதாவது கராஜில் ‘மிஸ் அடிக்குது’ என்று சொல்வார்களே அது, பிளக், கொயில், இன்ஜெக்டர் பக்கம் போகவேண்டும். ஊசி 600க்கும் 1200க்கும் இடையே அலைகிறது, அல்லது காலை எடுத்ததும் எஞ்சின் நின்றுவிடுகிறது, அல்லது காலை எடுத்த பிறகும் 1500இல் தொங்கி நிற்கிறது என்றால், எஞ்சினுக்குள் போகும் காற்றின் கணக்கு எங்கேயோ பிழைக்கிறது. த்ரொட்டில் சென்சர் இந்த மூன்றாவது கூட்டத்தைச் சேர்ந்தது. சூடான எஞ்சின், ஏசி இல்லாமல், பெரும்பாலான கார்களில் 650 முதல் 800 வரை நிற்கவேண்டும்.

அந்தக் கூட்டத்திலும் அது மட்டும் இல்லை. அழுக்குப் பிடித்த த்ரொட்டில், கரி அடைத்த ஐட்லிங் வால்வு (காலை எடுத்த பிறகு எஞ்சின் தானாக ஓடும் மெதுவான ஓட்டம்தான் ஐட்லிங்), வெடித்த வெக்யூம் குழாய் எல்லாமே இதே கூத்தைக் காட்டும். ஆனால் இவற்றோடு சேர்த்து, மெதுவாக மிதிக்கும்போது கார் திடீரென வெட்டி இழுக்கிறது, ஓட்டோ கியர் பிந்தி மாறுகிறது அல்லது அடித்து மாறுகிறது, அக்சிலரேட்டரில் விரல் பட்டதும் உதறல் நின்றுவிடுகிறது, மழை நாளில் கூடுகிறது என்று இருந்தால் நான் சென்சரின் சர்க்கிட்டைத்தான் முதலில் பார்ப்பேன். சர்க்கிட் என்றால் சென்சர், சொக்கற், மூன்று வயர், ஏர்த், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ எல்லாம் சேர்ந்ததுதான்.

அந்தச் சின்னச் சென்சர் அப்படி என்னதான் செய்யுது?

அக்சிலரேட்டரை மிதிக்கும்போது திறந்து எஞ்சினுக்குள் காற்றை விடும் த்ரொட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை ஈசியூவுக்குச் சொல்கிறது. அவ்வளவுதான். கேபிளில் இயங்கும் பழைய கார்களில் அது பழைய ரேடியோவின் சத்தம் கூட்டும் குமிழ் மாதிரி ஒன்று: கரிப் பூச்சுள்ள ஒரு தடம், அதன்மேல் உரசிப் போகும் ஒரு சிறு உலோக விரல். ஒரு வயரில் ஈசியூ 5 வோல்ற் அனுப்பும். இன்னொன்று ஏர்த். நடு வயரில் விரல் நிற்கும் இடத்துக்கு ஏற்ற வோல்ற் ஈசியூவுக்குத் திரும்பிப் போகும். மூடியிருந்தால் ஏறத்தாழ அரை வோல்ற். முழுதாகத் திறந்தால் ஏறத்தாழ நாலு வோல்ற்.

ஈசியூவைப் பொறுத்தவரை அந்த அரை வோல்ற்றுக்கு ஒரு தனி அர்த்தம் உண்டு: ‘சாரதி காலை எடுத்துவிட்டார், இனி ஐட்லிங்கை நான்தான் பார்க்கவேண்டும்.’ அந்தச் செய்தி வந்தால்தான் அது ஐட்லிங் வால்வையும் இக்னிஷன் நேரத்தையும் தன் கையில் எடுக்கும். செய்தி 0.6இல் இருந்து 0.9க்கும் திரும்ப 0.6க்கும் துள்ளினால், காலை வைக்கிறார், எடுக்கிறார், வைக்கிறார் என்று அது நினைக்கும். ஒவ்வொரு துள்ளலுக்கும் கொஞ்சம் பெற்றோலைக் கூட்டும், ஐட்லிங்கைக் கைவிடும், பிறகு மறுபடி பிடிக்கும். உங்கள் கால் பெடலில் இல்லை. ஆனால் ஈசியூவின் கணக்கில் இருக்கிறது. ஊசி ஏறி இறங்குவது இதனால்தான்.

திருகோணமலைக் கார்களுக்கு மட்டும் ஏன் இது கூட வருது?

இங்கு மட்டும் என்று சொல்லமாட்டேன். கடற்கரை ஊர் எதிலும் வரும். ஆனால் நமக்கு ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் பின்குடா. உவர்மலையில் நிறுத்தினாலும் உப்புக் காற்று, டொக்யார்ட் வீதியில் நிறுத்தினாலும் உப்புக் காற்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் இரவு முழுக்க வெளியில் நிற்கும் வாகனங்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. கச்சான் காலத்தில் புழுதி படியும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை தொடங்கினால் அதே புழுதி ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சொக்கற்றுக்குள் பச்சைக் களிம்பு அப்படித்தான் பிடிக்கிறது.

ஹெட்லைட் வயரில் இந்தக் களிம்பு வந்தால் வெளிச்சம் மங்கும், கண்ணுக்குத் தெரியும். த்ரொட்டில் சென்சரில் ஓடுவது ஏறத்தாழ ஒரு மில்லி அம்பியர்தான். அதனால் இங்கே கோளாறு கண்ணுக்குத் தெரியாமல் கணக்கை மாற்றும். ஒரு உதாரணம்: சென்சரின் முழுத் தடை 5000 ஓம், மூடிய நிலையில் 0.6 வோல்ற் என்று வைப்போம். ஏர்த் முனையில் களிம்பு 500 ஓம் தடையைச் சேர்த்துவிட்டால், அதே மூடிய நிலையில் ஈசியூ காண்பது 1.0 வோல்ற். சென்சரில் ஒரு குறையும் இல்லை. த்ரொட்டிலும் மூடித்தான் இருக்கிறது. ஆனால் கார் உதறும். புதுச் சென்சர் பூட்டினாலும் அதே 1.0தான் வரும்.

இன்னொரு காரணம் எங்கள் கைவேலை. எஞ்சினை உயர் அழுத்தத் தண்ணீரால் கழுவச் சொல்லிவிட்டு, கார் பளபளப்பாக வந்த இரண்டு நாளில் ‘நல்லா ஓடின கார்’ என்று கொண்டுவருவார்கள். த்ரொட்டில் பக்கம் தண்ணீர் அடிக்கவே கூடாது. அடிக்கத்தான் வேண்டுமென்றால் அந்தச் சொக்கற்றுகளைப் பொலித்தீனால் கட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

செக் எஞ்சின் லைட் எரியேல்ல. அப்ப சென்சர் பக்கம் பிழை இல்லைத்தானே?

அப்படி இல்லை. வோல்ற் நம்பமுடியாத அளவுக்குக் குறைந்தால் அல்லது கூடினால்தான், ஏறத்தாழ 0.2க்குக் கீழே அல்லது 4.8க்கு மேலே, ஈசியூ லைட்டைப் போடும். மேலே சொன்ன 1.0 வோல்ற் அதன் பார்வையில் முழுக்க நியாயமான எண். சாரதி கொஞ்சம் மிதித்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு நொடிக்கும் குறைவான துள்ளல்களையும் பல ஈசியூக்கள் கோட் (கோளாறைக் குறிக்கும் இலக்கம்) போடாமல் விட்டுவிடும்.

ஸ்கானர் பி0122 காட்டுது. பக்கத்துக் கராஜ் நானா சென்சரை மாத்தச் சொல்றார். மாத்தவா?

இன்னும் வேண்டாம். அந்தக் கோட்டின் முழுப் பொருள் ‘த்ரொட்டில் சென்சர் சர்க்கிட்டில் வோல்ற் குறைவு’. சென்சர் பழுது என்று அது சொல்லவில்லை. நானா நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் மின்சாரப் பாகங்களைக் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். காசு உங்களுடையது.

பி0122 வந்தால் 5 வோல்ற் வயர் அறுந்திருக்கலாம், அல்லது நடு வயர் எங்கேயோ உரசி காரின் பொடியில், அதாவது உலோக உடலில், படலாம். பி0123 நேர் எதிர், வோல்ற் கூடுதல்: சென்சரின் ஏர்த் வயர் அறுந்தால் நடு வயரில் கிட்டத்தட்ட முழு 5 வோல்ற்றும் வந்துவிடும், அல்லது நடு வயரும் 5 வோல்ற் வயரும் எங்கேயோ ஒன்றோடொன்று தொடுகின்றன. நடு வயர் மட்டும் அறுந்தால் எந்தக் கோட் வரும் என்பது ஈசியூவின் உள்ளமைப்பைப் பொறுத்தது. பி0121 என்றால் த்ரொட்டில் சொல்வதும் மற்றச் சென்சர்கள் சொல்வதும் பொருந்தவில்லை. பி0124 விட்டுவிட்டு வரும் கோளாறு. எல்லாருக்கும் தலையிடி கொடுப்பது அதுதான்.

பி0123 வந்த காரில் காலையில் ஸ்டார்ட் பிடிக்காமல் இழுக்கிறதென்றால் ஆச்சரியப்படவேண்டாம். முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணினால் பெற்றோலை நிறுத்திவிடும்படி பல ஈசியூக்கள் எழுதப்பட்டிருக்கின்றன, பெற்றோல் நிறைந்துபோன எஞ்சினை உலர்த்துவதற்காக. சென்சர் 5 வோல்ற் காட்டினால் அது அந்த நிலை என்று எண்ணிக்கொள்ளும்.

ஸ்கானர் பூட்ட இடமில்லாத 90களின் டொயோட்டா என்றால், பொனற்றுக்குள் இருக்கும் டயக்னொஸ்டிக் பெட்டியில் ரீஈ1 (TE1), ஈ1 (E1) என்ற இரண்டு துளைகளையும் ஒரு சிறு வயரால் இணைத்து, திறப்பை ஓன் பண்ணிப் பாருங்கள். செக் எஞ்சின் லைட் நாலு தரம் சிமிட்டி, சற்று நின்று, ஒரு தரம் சிமிட்டினால் 41. அது இந்தச் சர்க்கிட்டுக்குரிய கோட்.

மல்டிமீற்றர் இருக்கு. எங்க தொடங்குறது?

பொறுமையாகச் செய்தால் அரை மணி நேர வேலை. சாதாரண டிஜிட்டல் மீற்றர் போதும். அதை டிசி 20 வோல்ற் நிலையில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் மைனஸில் பிடியுங்கள். பொடியில் ஏதோ ஒரு ஆணியில் பிடிக்கவேண்டாம், அந்த ஆணியே துருப்பிடித்திருக்கலாம்.

சொக்கற்றைக் கழற்றாமலே, அதன் பின்பக்கமாக வயரோடு ஒட்டி ஒரு மெல்லிய குண்டூசியை உள்ளே செருகி அளக்கவேண்டும். வயரின் ரப்பரைக் குத்தி அளப்பது சுலபம்தான், நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் நமது ஊர்க் காற்றில் அந்த ஊசித் துளை வழியே உப்பு உள்ளே போய், அடுத்த மாரிக்குள் செப்புக் கறுத்துவிடும். ஒரு கோளாறு தேடப்போய் இன்னொன்றைச் செய்து வைக்கவேண்டாம்.

திறப்பை ஓன் பண்ணுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் பண்ணவேண்டாம். மூன்று வயரையும் ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்கள். ஒன்றில் 5 வோல்ற்றுக்குக் கிட்ட இருக்கவேண்டும், 4.8 முதல் 5.1 வரை பரவாயில்லை. ஒன்றில் கிட்டத்தட்ட பூச்சியம். மூன்றாவதில் 0.5க்கும் 0.9க்கும் இடையில். எது எந்த வயர் என்று தெரியாவிட்டால், யாரையாவது உள்ளே இருத்தி அக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கச் சொல்லுங்கள். எண் மாறுவது எந்த வயரோ அதுதான் நடு வயர். முழுக்க மிதிக்கும்போது அது 3.5க்கும் 4.7க்கும் இடையில் போய் நிற்கவேண்டும். உங்கள் காருக்குரிய சரியான எண் சேர்விஸ் கையேட்டில் இருந்தால் அதையே எடுங்கள். இங்கே சொன்னவை பொதுவான வரம்புகள்.

இனி ஏர்த். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இதைத்தான். எஞ்சினை ஓடவிட்டு, ஏசியையும் ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு, சிவப்பு முனையைச் சென்சரின் ஏர்த் வயரில் வையுங்கள். 0.05 வோல்ற்றுக்குள் இருந்தால் நல்லது. 0.1ஐத் தாண்டினால் அந்த ஏர்த்தில் எங்கேயோ தடை இருக்கிறது. ஓம் நிலையில் வைத்து ‘பீப்’ கேட்டுவிட்டு ஏர்த் நல்லம் என்று முடிவெடுக்கவேண்டாம். அறுந்துபோன வயரில் ஒரேயொரு செப்பு இழை மிச்சமிருந்தாலும் மீற்றர் பீப் சொல்லும்.

5 வோல்ற் வரவேயில்லை என்றால் ஈசியூ செத்துவிட்டது என்று பயப்படவேண்டாம். அந்த 5 வோல்ற்றை வேறு சென்சர்களும் பங்குபோடும், பெரும்பாலும் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மெப் சென்சர். அவற்றில் ஒன்று உள்ளே ஷோர்ட் ஆனால் எல்லாவற்றுக்கும் 5 வோல்ற் போய்விடும். ஒவ்வொன்றாகச் சொக்கற்றைக் கழற்றிக்கொண்டே போங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ற் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சென்சர்களுக்குக் கோட் வந்திருந்தாலும் இதே சந்தேகம்தான்: பொதுவான 5 வோல்ற், அல்லது பொதுவான ஏர்த்.

வயர் பிழையா சென்சர் பிழையா எண்டு ஒரேயடியா பிரிச்சுப் பார்க்க வழி இல்லையா?

இருக்கிறது, ஸ்கானரில் அந்தந்த நேரத்து அளவுகளை உடனுக்குடன் பார்க்க முடிந்தால். சென்சரின் சொக்கற்றைக் கழற்றுங்கள். கார்ப் பக்கச் சொக்கற்றில் 5 வோல்ற் முனையையும் நடு முனையையும் ஒரு சிறு வயரால் இணையுங்கள். ஸ்கானரில் த்ரொட்டில் வோல்ற் 5க்குக் கிட்டப் போகவேண்டும். பிறகு அதை எடுத்துவிட்டு, நடு முனையையும் ஏர்த் முனையையும் இணையுங்கள். பூச்சியத்துக்கு வரவேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் ஈசியூவும் தங்கள் வேலையைச் செய்கின்றன. இனி சென்சரையோ அதன் முனைகளையோ சந்தேகிக்கலாம். நடக்காவிட்டால் புதுச் சென்சர் வாங்கிப் பயனில்லை.

5 வோல்ற்றையும் ஏர்த்தையும் மட்டும் ஒன்றோடொன்று இணைத்துவிடாதீர்கள். பற்றரியின் 12 வோல்ற்றை அந்த முனைகளுக்குக் கிட்டவும் கொண்டுபோகவேண்டாம். ஈசியூவின் விலை தெரிந்தவர்கள் இதை இரண்டாம் தரம் சொல்ல வைக்கமாட்டார்கள்.

எல்லா அளவும் சரியாத்தான் வருது. ஆனா உதறல் நிக்கேல்ல.

அப்படியென்றால் கோளாறு நீங்கள் அளந்த நேரத்தில் ஒளிந்திருந்தது. நடு வயரில் மீற்றரை வைத்துக்கொண்டு, த்ரொட்டிலைக் கையால் மிக மெதுவாகத் திறவுங்கள். எண் தடையில்லாமல் ஏறவேண்டும்; ஒரு இடத்திலும் பூச்சியத்துக்கு விழவோ துள்ளவோ கூடாது. முதல் கால்வாசிப் பகுதியில் கூடுதல் கவனம் வையுங்கள். கால் பெரும்பாலான நேரம் நிற்பது அங்கேதான், தடம் தேய்வதும் அங்கேதான். டிஜிட்டல் மீற்றர் வேகமான துள்ளலைக் காட்டாமல் விழுங்கிவிடும். வீட்டில் ஊசி ஆடும் பழைய மீற்றர் ஒன்று கிடந்தால் இந்த ஒரு வேலைக்கு அதுதான் திறம். ஸ்கானரில் வரைபடமாகப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

அதிலும் தெரியாவிட்டால் எஞ்சினை ஐட்லிங்கில் ஓடவிட்டு, சொக்கற்றையும் வயர்க் கட்டையும் ஒவ்வொரு சாண் இடைவெளியிலும் பிடித்து ஆட்டுங்கள். ஸ்குரூட்றைவர்ப் பிடியால் சென்சரை மெல்லத் தட்டுங்கள். தலைமயிர் உலர்த்தும் மெசினால் கொஞ்சம் சூடு காட்டுங்கள். சில கோளாறுகள் சூட்டில்தான் வெளிவரும். கந்தளாய்ப் பக்கம் போய்த் திரும்பியதும் உதறுகிறது, காலையில் நன்றாக இருக்கிறது என்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யவேண்டும். எங்கே தொடும்போது ஊசி துள்ளுகிறதோ அங்கே நில்லுங்கள்.

என்ர பழைய டொயோட்டாவில மூண்டில்ல, நாலு வயர் வருது.

நாலாவது ஐட்லிங் சுவிட்ச். த்ரொட்டில் முழுக்க மூடும்போது அது ஏர்த்தோடு இணையும், கொஞ்சம் திறந்ததும் விலகும். அந்தத் தொடுகை அழுக்கானால் அல்லது சென்சர் சற்றுத் திரும்பிப் பூட்டப்பட்டிருந்தால், மற்ற அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் காலை எடுத்தது ஈசியூவுக்குத் தெரியவராது. சென்சரின் சொக்கற்றைக் கழற்றிவிட்டு, சென்சர்ப் பக்கத்தில் அந்த முனைக்கும் ஏர்த் முனைக்கும் இடையே பீப் பாருங்கள்: மூடினால் கேட்கவேண்டும், திறந்தால் நிற்கவேண்டும்.

இந்த வகைச் சென்சரில் திருகாணித் துளைகள் நீளமாக இருக்கும், திருப்பிச் சரிசெய்யலாம். அப்படிச் சரிசெய்யும்போது த்ரொட்டில் தகட்டின் ஸ்டொப் ஸ்குரூவைத் தொடவேண்டாம். ஐட்லிங் கூட்டுகிறேன் என்று யாரோ எப்போதோ அதைத் திருகிவிட்டுப் போன கார்கள்தான் கடைசிவரை கண்டுபிடிக்க முடியாமல் அலையவைக்கும்.

சொக்கற்றைக் கழட்டினன், உள்ள பச்சையா இருக்கு. என்ன செய்ய?

கோளாறைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பற்றரி மைனஸைக் கழற்றிவிட்டு, எலெக்ட்ரிக்கல் கொன்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய நைலோன் தூரிகையால் தேய்த்து, முழுக்கக் காயவிடுங்கள். மண்கடதாசி போடவேண்டாம், முனையின் பூச்சு போய்விட்டால் அடுத்த களிம்பு இன்னும் வேகமாக வரும். பெற்றோலில் கழுவுவதும் வேண்டாம், சொக்கற்றின் ரப்பர் ஊதிவிடும்.

காய்ந்ததும் முனைகள் இறுக்கமாகப் பிடிக்கின்றனவா என்று பாருங்கள். பலதரம் கழற்றிப் பூட்டிய சொக்கற்றில், மற்ற முனையை உள்வாங்கும் பெண் முனை விரிந்திருக்கும். பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், அதிர்வில் விடும். ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள், பாதிக் கார்களில் அது எப்போதோ விழுந்து தொலைந்திருக்கும். மின்கடத்தாத சிலிக்கன் கிறீஸை வளையத்திலும் விளிம்பிலும் மெல்லியதாகப் பூசிப் பூட்டினால் உப்புக் காற்று உள்ளே போகாது.

களிம்பு சொக்கற்றோடு நின்றால் உங்கள் அதிர்ஷ்டம். செப்பு இழைகளுக்கு இடையால் உப்பு நீர் வயருக்குள்ளே ஏறிப் போயிருக்கலாம். வயரை மெல்ல வளைத்துப் பாருங்கள். ஒரு இடத்தில் மட்டும் மொறுமொறுப்பாக அல்லது தொய்வாக இருந்தால் அங்கே வெட்டிப் பாருங்கள். செப்பு கறுத்திருந்தால் பளபளப்பான செப்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போய், அதே தடிப்பு வயரால் ஒட்டுப்போட்டு, ஈயம் வைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடவேண்டும். முறுக்கி கறுப்பு ரேப் சுற்றுவது ஒரு மாரிக்குத் தாங்காது.

எலி கடிச்ச மாதிரித் தெரியுது.

அப்படியென்றால் கடித்ததுதான். மழை தொடங்கினால் சூடான எஞ்சினைத் தேடி வரும். ஒரு வயரில் கடி கண்டால் அதோடு நிற்கவேண்டாம். கட்டு முழுவதையும் தடவிப் பாருங்கள், கீழ்ப்பக்கத்தையும் சேர்த்து. ரப்பர் மட்டும் போய் செப்பு தப்பியிருந்தால் இன்று ஓடும், அடுத்த மழைக்கு வரும்.

த்ரொட்டிலைக் கழட்டிக் கழுவினாச் சரியாகும் எண்டு சொல்றாங்க.

பல கார்களில் உண்மையாகவே சரியாகும். தகட்டின் விளிம்பில் கரி கட்டினால் ஐட்லிங் காற்று குறையும், எஞ்சின் நிற்கப் பார்க்கும். செலவு குறைந்த வேலை, செய்து பார்ப்பதில் நட்டமில்லை. ஆனால் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். த்ரொட்டிலை நிமிர்த்தி வைத்து உள்ளே பீச்சினால் அது தண்டு வழியே ஊர்ந்து சென்சருக்குள் போய் கரித் தடத்தைக் கரைக்கும். ‘கழுவின பிறகுதான் உதறத் தொடங்கினது’ என்று வரும் கார்களில் நான் முதலில் கேட்பது எப்படிக் கழுவினீர்கள் என்பதுதான்.

என்ர கார் புதுசு, அக்சிலரேட்டர் கேபிளே இல்லை. இதெல்லாம் பொருந்துமா?

கொஞ்சம்தான் பொருந்தும். எலெக்ட்ரோனிக் த்ரொட்டிலில் ஒரு மோட்டர் தகட்டைத் திறக்கும். அதை இரண்டு சென்சர்கள் காவல் பார்க்கும். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் பி2135 போன்ற கோட் போட்டு, ஈசியூ எஞ்சினின் வலுவைக் குறைத்துவிடும். சிலவற்றில் இரண்டு வோல்ற்றும் சேர்ந்து ஏறும், சிலவற்றில் ஒன்று ஏற மற்றது இறங்கும். இரண்டும் ஒரே 5 வோல்ற்றையும் ஒரே ஏர்த்தையும் பங்கிடுவதுண்டு. அதனால் இங்கும் சொக்கற்றும் ஏர்த்தும்தான் முதல் சோதனை. வயர் சரி, சென்சர்தான் பழுது என்று உறுதியானால் பெரும்பாலான கார்களில் த்ரொட்டில் பொடியை முழுதாக மாற்றவேண்டிவரும்.

திறப்பு ஓனில் இருக்கும்போது தகட்டுக்குள் விரலை விடவேண்டாம். மோட்டர் உங்களைக் கேட்டுக்கொண்டு மூடாது. கழுவிய பிறகு அல்லது மாற்றிய பிறகு ஐட்லிங்கை மறுபடி கற்பிக்கவேண்டும். நிசான் கார்களில் இதைச் செய்யாவிட்டால் ஐட்லிங் உச்சத்தில் நிற்கும், எல்லாரும் புதுப் பாகத்தைக் குறை சொல்வார்கள்.

கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடையள்ல இருந்து பாவிச்ச சென்சர் எடுப்பிக்கலாமா?

2020இல் இருந்து 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய கார்களை ஓட்டியே ஆகவேண்டியிருந்தது. பாவித்த பாகம் வாங்காத ஆளில்லை. உடற்பாகம், கதவு, லைட் என்றால் நானும் பாவித்ததையே எடுக்கச் சொல்வேன். தேயும் தடம் உள்ள இந்தச் சென்சரில் மட்டும் எனக்கு மனமில்லை. அதே வயதுக் காரில் இருந்து அதே அளவு தேய்ந்தது வரும். எடுக்கத்தான் வேண்டுமென்றால், பணம் கொடுக்க முன்னர் கடையிலேயே ஓம் மீற்றரை வைத்து, மெதுவாகத் திருப்பி, தடை துள்ளாமல் ஏறுகிறதா என்று பாருங்கள். பாக இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். சொக்கற் பொருந்துகிறது என்பதற்காக அளவும் பொருந்தும் என்றில்லை.

பற்றரியைக் கழட்டி வைச்சா கோட் அழியும்தானே?

பல கார்களில் அழியும், கோளாறு அழியாது. ஈசியூ கற்று வைத்த ஐட்லிங் கணக்கும் சேர்ந்து போய்விடும், அதனால் முதல் சில நாள் உதறல் கூடக்கூடும். வேலை முடிந்த பிறகு ஸ்கானரால் அழியுங்கள்.

சென்சர் சொக்கற்றைக் கழட்டிவிட்டா உதறல் குறையுது. அப்பிடியே ஓடலாமா?

கராஜ்வரை ஓடலாம். கழற்றியதும் ஈசியூ அந்தச் சென்சரை நம்புவதை விட்டுவிட்டு, தன்னிடம் உள்ள நிலையான ஒரு மதிப்பை எடுத்துக்கொள்கிறது. துள்ளல் இல்லாததால் ஐட்லிங் சற்று அமைதியாகும். உங்கள் சந்தேகம் சரி என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் வலு குறையும், பெற்றோல் கூடக் குடிக்கும், ஓட்டோ கியர் மோசமாக மாறும்.

கழற்றாமல் உதறலோடு ஓடுவதும் நல்லதில்லை. காலை எடுத்த இடத்தில் எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகும், பிரேக்கில் உதவி ஒன்றிரண்டு மிதியோடு தீர்ந்துவிடும். அநுராதபுரச் சந்தியில் நின்றால் பின்னால் வருபவர் ஹோன் அடிப்பார், அவ்வளவுதான். ஹபரணைக் காட்டு வீதியில், இரவில், யானை வீதியில் நிற்பதைக் கண்டு வேகம் குறைத்த நேரத்தில் நின்றுவிட்டால் அது வேறு கதை. கொழும்புப் பயணம் இருந்தால் முதலில் இதைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

புகைப் பரிசோதனையில பெயில் ஆனதுக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். பெற்றோல் கார்களில் அந்தப் பரிசோதனை ஐட்லிங்கிலும் பார்க்கிறது. அந்த நேரத்தில் சென்சர் துள்ளினால் தேவையில்லாத பெற்றோல் போகும், காபன் மொனொக்சைட் ஏறும். ஐட்லிங்கில் மட்டும் பெயில், றேஸ் பண்ணிப் பார்க்கும்போது பாஸ் என்று தாளில் வந்திருந்தால் இந்தச் சர்க்கிட்டையும் ஐட்லிங் வால்வையும் பாருங்கள். இரண்டிலும் பெயில் என்றால் ஒட்சிசன் சென்சர், எயார் பில்டர், கட்டலிட்டிக் கன்வேட்டர் பக்கம் தேடவேண்டும். வேலை முடித்து ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபரிசோதனைக்குக் கொண்டுபோங்கள், எஞ்சின் நன்றாகச் சூடேறிய நிலையில். வாகன வரிப்பத்திரம் முடியும் நாள்வரை இந்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தால் அந்த ஒரு வாரம் உங்களுக்குக் கிடைக்காது.